புஜோடியில் ஒரு பாவு, பல கைகள்

டிசம்பர் 11, வியாழன் – புஜ்

அகமதாபாத்திலிருந்து ராத்திரி கிளம்பிய வண்டி காலை ஆறரைக்கு புஜ் வந்து சேர்ந்தது. டிசம்பரில் குஜராத்தின் கட்ச் பக்கம் விடியற்காலைக் குளிர் சாதாரணமில்லை. மூச்சு விட்டால் புகை தெரிகிறது. பத்து மணிக்கு மேல் அதே ஊரில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. போகிறவர்கள் கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள், தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சிக்கல் தங்கும் விடுதியில். பணம் கட்டி முன்பதிவு செய்திருந்த அறையில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். ரசீதைக் காட்டினேன். "முதலாளி பதினோரு மணிக்குத்தான் வருவார்" என்பதைத் தவிர வரவேற்பில் இருந்த பையனிடமிருந்து வேறு பதில் வரவில்லை. வெளியே வந்தேன். பக்கத்து டீக்கடைக்காரர் எதுவும் கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார், அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டார். இங்கே டீயைத் தட்டில் ஊற்றிக் குடிக்கிறார்கள். இஞ்சியும் ஏலக்காயும் தாராளம். முதல் டீக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டவர் இரண்டாவதுக்கு வாங்க மறுத்துவிட்டார். மதியம் கிடைத்த அறை பின்பக்கம் பார்த்தது, ஜன்னல் சரியாக மூடவில்லை. சரி, தூங்கத்தானே என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஹமீர்சர் ஏரிக்கரையில் நடந்தேன். 2001 ஜனவரி 26 காலை நிலநடுக்கத்தில் சிதைந்த ஊர் இது. புது வீடுகளுக்கு நடுவே பாதிச் சுவரோடு நிற்கும் பழைய கட்டடங்களை இப்போதும் பார்க்கலாம். ராத்திரிச் சாப்பாடு தாபேலி. கட்ச் கண்டுபிடித்த தீனி அது, மாண்டவி ஊர்க்காரர்கள் தங்களுடையது என்று பெருமையோடு சொல்கிறார்கள். வெண்ணெயில் வாட்டிய பன்னுக்குள் இனிப்பும் புளிப்பும் காரமும் சேர்ந்த உருளைக்கிழங்கு மசியல், மசாலாக் கடலை, மாதுளை முத்து. இருபத்தைந்து ரூபாய். இரண்டு சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும்.

நான் வந்தது புஜோடி என்ற நெசவு கிராமத்துக்காக. அங்கே ஒரு நெசவாளர் வீட்டில் ஒரே பாவை, அதாவது நீளவாட்டு இழைகளை, தறியில் ஏற்றி வைத்து, வருகிற விருந்தாளிகள் ஆளுக்கொரு சாண் நெய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மதியச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 1,500 ரூபாய். சில நாளில் யாரும் நெசவாளி ஆகிவிட முடியாது, அது எனக்குத் தெரியும். ஒரே துணியில் முன்பின் தெரியாத பலர் கை வைத்தால் அது என்னவாகிறது என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

டிசம்பர் 12, வெள்ளி – புஜோடி

புஜ்ஜிலிருந்து எட்டு கிலோமீட்டர். தனி ஆட்டோவுக்கு இருநூறு கேட்கிறார்கள். முன்பாதி மோட்டார் சைக்கிளும் பின்பாதி வண்டியுமாக ஓடும் சக்டோவில் ஏறினால் இருபது. நான் சக்டோவில் ஏறினேன். எதிரே பால் கேனோடு உட்கார்ந்திருந்த கருப்பு உடை ரபாரிப் பாட்டி என் சால்வையின் ஓரத்தைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிச் சிரித்தார். மில் துணி என்று அந்த விரலுக்குத் தெரிந்துவிட்டது.

புஜோடியில் நெய்கிறவர்கள் வணகர் சமூகத்தார். கம்பளி கொடுத்தவர்கள் ஆடும் ஒட்டகமும் மேய்த்த ரபாரிகள். பருத்தியும் தானியமும் விவசாயிகளிடமிருந்து வந்தன. இன்ன ரபாரிக் குடும்பத்துக்கு இன்ன நெசவாளர் என்று தலைமுறை தலைமுறையாக உறவு இருந்திருக்கிறது. ரபாரிப் பெண்கள் நூற்றுக் கொடுப்பார்கள், வணகர் நெய்து தருவார். தறியின் அகலம் குறைவு என்பதால் போர்வையை இரண்டு பட்டையாக நெய்து, நடுவில் வண்ண நூலால் கையால் தைத்து இணைப்பார்கள். ஆக, பலர் சேர்ந்து ஒரு துணியை உண்டாக்குவது இந்த ஊருக்குப் புதிதே இல்லை. விருந்தாளிகள் நாங்கள்தான் அந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்தவர்கள்.

நாங்கள் போனபோது தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். கோதுமை மாவைக் கரைத்துக் காய்ச்சி, அதோடு காட்டு வெங்காயத்தை அரைத்துச் சேர்க்கிறார்கள். மாவு இழைக்கு வலு தருகிறது, காட்டு வெங்காயம் பூச்சியை அண்டவிடாது. இரண்டு பெண்கள் பாவின் இரு பக்கமும் நின்று, பெரிய பிரஷ்ஷைப் பிடித்து ஒரே திசையில் இழுத்தார்கள். இழை ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் காய வேண்டும், அதற்கு வெயிலும் வேண்டும், காற்றும் மட்டாக இருக்க வேண்டும். எங்களிடமும் பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். அழுத்தினால் இழை அறுகிறது, அழுத்தாவிட்டால் கஞ்சி உள்ளே இறங்கவில்லை. தறியில் உட்காருகிறவரைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் பெண்கள் நாள்கணக்கில் செய்யும் இந்த வேலைக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும்.

பாவு காலா பருத்தி. கட்ச் மண்ணின் பழைய நாட்டு ரகம். வாகட் பகுதியில் மழையை மட்டும் நம்பி விளைகிறது, பூச்சிமருந்து கேட்பதில்லை. இழை குட்டை என்பதால் ஆலைகளுக்கு இது வேண்டாத பருத்தியாக இருந்தது. குக்மாவில் இருக்கும் கமீர் அமைப்பு விவசாயிகளையும் நூற்பவர்களையும் நெசவாளர்களையும் ஒன்று சேர்த்து இதை மறுபடி தறிக்குக் கொண்டுவந்தது. நம் கரிசல் காட்டுக் கருங்கண்ணியும் இப்படி மானாவாரியில் விளைந்த பருத்திதான். அதற்கும் இப்படி யாராவது வரிந்துகட்டி நிற்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கூட்டத்தில் புனேவிலிருந்து வந்த ஒரு கட்டடக் கலைஞர், அகமதாபாத் கல்லூரி மாணவிகள் இருவர், அப்புறம் யாரும் எதிர்பாராத ஒருவர்: சென்னிமலைக்காரப் பெண்மணி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் பெயரைக் கேட்டதும் "நீ தமிழா கண்ணு?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் எனக்கு அக்கா.

மதியம் கம்பு ரொட்டி. கனமான ரோட்லா, மேலே நெய், பக்கத்தில் வெல்லக் கட்டி, சுட்ட கத்தரிக்காய் மசியல், பூண்டுச் சட்னி, மோர். மோர் தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். 'போதும்' என்பதற்கு அந்த வீட்டில் மதிப்பே இல்லை.

டிசம்பர் 13, சனி – தறியில்

குழித்தறி. தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட வேண்டும். காலை எட்டு மணிக்கு அந்தக் குழிக்குள் இருந்த குளிரை என் பாதம் இன்னும் மறக்கவில்லை. ஒரு மிதியை அழுத்தினால் பாதி இழைகள் மேலே போகும், நடுவில் வழி திறக்கும், கயிற்றை இழுத்தால் குறுக்கு இழையைச் சுமக்கும் நாடா ஓடும், இழையை நெருக்கும் அச்சை இழுத்து ஒரு அடி. அப்புறம் அடுத்த மிதி. சொல்ல எளிது. எனக்குக் காலும் கையும் வேறு வேறு ஆளுடையவை மாதிரி நடந்துகொண்டன.

அக்கா தறிக்கே வரவில்லை. திண்ணையில் நெசவாளரின் மனைவி ராட்டையில் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல்குச்சி) சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றார். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "எங்கப்பா தறிக்கு பதினஞ்சு வயசு வரைக்கும் நாந்தான் தார் சுத்தினேன் கண்ணு. பேங்க் வேலைக்குப் போனதுக்கப்புறம் தொட்டதே இல்ல" என்றார். அந்த அம்மாள் நகர்ந்து இடம் விட்டார். அக்கா உட்கார்ந்து வலது கையால் ராட்டையைச் சுற்றினார். இடது கையின் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நூலை விட்டு, தாரின் அடியிலிருந்து சரிவாக மேலே கொண்டுபோனார். முதல் தார் நடுவில் புடைத்துப்போனது. அதைப் பிரித்துவிட்டு மறுபடி சுற்றினார். இரண்டாவது ஒரே சீராக வந்தது. வீட்டுக்காரம்மாள் அதை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். இறுக்கம் சரி. எழுந்து உள்ளே போய் ஒரு கூடை நிறைய வெறும் குச்சிகளைக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தார்.

அன்று முழுக்க அந்த இருவரும் திண்ணையில்தான். ஒருவர் குஜராத்தி, ஒருவர் கொங்குத் தமிழ். பிள்ளைகள் எத்தனை, மூட்டு வலிக்கு என்ன தைலம், நூல் விலை எவ்வளவு ஏறிவிட்டது என்று எல்லாம் பேசினார்கள். நடுவில் மொழிபெயர்க்க நான் போனபோது இரண்டு பேருமே என்னைக் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் துணியில் ஊடையாக, அதாவது குறுக்கு இழையாக, ஓடியது உள்ளூர்க் கம்பளி. சாயம் கிடையாது, ஆட்டின் நிறமே நூலின் நிறம்: வெள்ளை, பழுப்பு, கருமை. கொஞ்சம் சொரசொரப்பு, ஆட்டு வாசனையும் லேசாக உண்டு. சந்தைக்குப் போகும் சால்வைகளுக்கு இப்போது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் மெரினோ நூல்தான் என்று நெசவாளர் ஒளிக்காமல் சொன்னார். மென்மையாக இருந்தால்தான் வாங்குகிறார்கள். ரபாரிகளும் மேய்ச்சல் நிலம் சுருங்கி மந்தையைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். உள்ளூர்க் கம்பளி விருந்தாளிகளின் தறியில் மட்டும் ஓடுகிறது என்று ஆகிவிடக் கூடாது. அது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

மதியத்துக்கு மேல் பூவேலை. நாற்புறமும் ஒரே மாதிரி விரியும் சௌமுக் என்ற உருவம். அதற்குத் தனி இழையைக் கையாலேயே செருக வேண்டும். பாவு இழைகளை விரலால் எண்ணித் தூக்கி, அடியில் வண்ண நூலை விட்டு, பக்கத்தில் இறக்கி, அப்புறம் நாடா, அப்புறம் அடி. நெசவாளருக்கு வரைபடம் எதுவும் இல்லை. விரல் நுனியால் இழைகளை வருடிக்கொண்டே போகிறார், எந்த இழையில் நிற்க வேண்டும் என்று விரல் தானாக நிற்கிறது. பேசிக்கொண்டும் டீ குடித்துக்கொண்டும் எண்ணிக்கை தப்பாமல் போடுகிறார். நான் அரை நாள் உட்கார்ந்து ஒரு சௌமுக் போட்டேன்.

துணியில் ஒவ்வொருவர் கையும் தெரிந்தது. கட்டடக் கலைஞர் ஓங்கி அடித்த இடம் பலகை போல விறைப்பு. மாணவி நெய்த சாண் வலை விட்டிருந்தது, வெளிச்சம் உள்ளே வந்தது. என் பகுதியில் ஊடையை இறுக்கி இழுத்ததால் இரண்டு கரையும் உள்வாங்கி இடுப்பு ஒடுங்கியிருந்தது. அறுந்த இழைகளுக்கு மட்டும் நெசவாளர் முடிச்சுப் போட்டார். கோணலாக வந்ததை எதையும் பிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "நான் பிரிச்சு நெய்தா அது என் துணி. என் துணி வீடு நிறைய இருக்கு" என்றார்.

பல பேரைச் சேர்த்துச் செய்யும் கலை என்று நகரத்துக் கூடங்களில் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் சுவரில் ஒரே ஒரு கலைஞரின் பெயர் இருக்கும், கை கொடுத்தவர்கள் படத்தில்கூட இருக்க மாட்டார்கள். இங்கே யார் பெயரும் இல்லை, ஆனால் யார் கை எது என்று துணியைப் பார்த்தே சொல்லலாம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு – அஜ்ரக்பூர்

அன்று தறிக்கு ஓய்வு, சாயம் பார்க்கப் போனோம். அஜ்ரக்பூர் 2001-க்குப் பிறகு பிறந்த ஊர். துணியில் மரக்கட்டையால் அஜ்ரக் அச்சு போடும் கத்ரி குடும்பங்கள் அதுவரை தமட்கா கிராமத்தில் இருந்தார்கள். நிலநடுக்கம் வீடுகளைச் சாய்த்ததோடு நிலத்தடி நீரையும் மாற்றிவிட்டது. தண்ணீரில் இரும்பு கூடினால் சாயம் கருத்துப்போகும். நல்ல தண்ணீர் தேடித்தான் ஒரு பகுதியினர் இங்கே வந்து குடியேறினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் இஸ்மாயில் முகம்மது கத்ரி. இயற்கைச் சாயத்தை மீட்ட பணிக்காக அவருக்கு இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2003-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. கட்ச் அஜ்ரக்குக்கு 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சாயப் பட்டறைக்குள் நுழைந்ததும் அக்கா, "இது நாட்டு மருந்துக் கடை வாசம்" என்றார். பொய்யில்லை. கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி (சிவப்புச் சாய வேர்), கருவேலம் பிசின், புளியங்கொட்டை மாவு, ஆமணக்கெண்ணெய். கருப்புக்குப் பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் நொதிக்க விடுகிறார்கள். மேலே நுரை கட்டியதும் வடித்து, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சினால் அச்சுக்குப் பதமான கருப்பு. துணியை முதலில் தயார்செய்ய ஒட்டகச் சாணமும் எண்ணெயும் சோடாவும் வேண்டும். அதற்கப்புறம் அலசல், கடுக்காய்த் தண்ணீர், பிசினும் சுண்ணாம்பும் கலந்த அச்சு, படிகார அச்சு, நீலச் சாயத்துக்கு அவுரித் தொட்டி, மஞ்சிட்டிக் கொதி என்று பதினான்கு, பதினாறு கட்டங்கள் போகிறது.

அவுரித் தொட்டியில் எங்கள் துணிக்கான கம்பளி நூல் கொஞ்சம் முக்கினோம். வெளியே எடுக்கும்போது பச்சை. காற்று பட்டதும் கண் முன்னாலேயே நீலமாகிறது. எத்தனை முறை படித்திருந்தாலும் நேரில் பார்க்கையில் வாய் திறந்துவிடுகிறது. திண்டிவனம் பக்கம் விளையும் அவுரியும் இந்த ஊர்த் தொட்டிகளுக்கு வருகிறது என்று தெரிந்தபோது அக்காவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம், பட்டறையில் இருந்த எல்லோரிடமும் "அது எங்க ஊர்ப் பக்கம்" என்று தமிழிலேயே சொன்னார்.

கையுறைக்குள் சாயம் கசிந்து என் இரண்டு உள்ளங்கையும் நீலம். ராத்திரி விடுதித் துண்டிலும் ஒட்டிக்கொண்டது, அதற்கு நூறு ரூபாய் பிடித்தார்கள். பக்கத்திலேயே இருக்கும் எல்.எல்.டி.சி. (லிவிங் அண்ட் லேர்னிங் டிசைன் சென்டர்) அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். கட்ச் சமூகங்களின் பூத்தையல் அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் மிச்சம் இருந்தது, போதவே இல்லை.

டிசம்பர் 15, திங்கள் – குக்மா, மறுபடி புஜோடி

காலையில் குக்மா. கமீர் வளாகத்தில் தூக்கி எறிந்த பிளாஸ்டிக் பைகளைக் கழுவி, நாடாவாக வெட்டி, அதையே ஊடையாக்கிப் பைகள் நெய்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனாலும் என் மனசு நின்றது கராட் தரைவிரிப்பில். ஆட்டு மயிர், ஒட்டக மயிர் நூற்று நெய்வது. நாடோடி மேய்ப்பர்களுக்கு ஏற்ற தறி: தரையில் முளை அடித்துப் பாவைக் கட்டினால் தறி, பிடுங்கிச் சுருட்டினால் ஒட்டக முதுகில் ஏற்றிவிடலாம். இப்போது இதை நெய்யும் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். விரிப்பைத் தடவினால் கை கூசுகிறது, அடுத்த தலைமுறைக்கும் தேயாது என்று பார்த்தாலே தெரிகிறது.

மதியம் புஜோடி திரும்பியபோது ஒரு சுற்றுலா பஸ் நின்றிருந்தது. சால்வை ஒன்றின் விலை 4,500. நெய்ய மட்டும் ஒரு வாரம் ஆனது. "லூதியானாவில் இதே டிசைன் ஆறுநூறு ரூபாய்" என்று ஒருவர் மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்னார். அது விசைத்தறியில் அக்ரிலிக் நூலில் ஓட்டிய நகல். நெசவாளர் கோபப்படவில்லை, மடித்து வைத்துவிட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. பேரம் பேசுகிறவர்களை ஒரு மணி நேரம் அந்தக் குழியில் உட்கார வைக்க வேண்டும். தறியை எங்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு நாளும் அவருக்கு நெசவு போன நாள், அதையும் சேர்த்துத்தான் அந்த 1,500. அது அதிகம் என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் முனகினார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசிச் சாண் அக்காவுடையது. நீல நூலை அவரே தார் சுற்றி, அவரே நெய்தார். ஆரம்பத்தில் தடுமாறினாலும் கால் சீக்கிரமே பழையதை எடுத்துக்கொண்டது. பிறகு துணியை அறுத்து இறக்கித் திண்ணையில் விரித்தோம். ஓரிடத்தில் அகலம், ஓரிடத்தில் ஒடுக்கம், கரை ஆற்றங்கரை மாதிரி வளைந்து போனது.

அங்கேதான் சண்டை. ஆளுக்கொரு துண்டாக வெட்டி எடுத்துப்போகலாம் என்றார்கள் மாணவிகள். கட்டடக் கலைஞருக்கு அதை முழுசாகக் கண்ணாடிக்குள் மாட்ட வேண்டும். பேச்சு வளர்ந்துகொண்டே போனது. அக்காவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. "நெய்ஞ்சதை எதுக்கு வெட்டறீங்க? போத்திக்கத்தானே நெய்ஞ்சோம்?" என்றார். நான் இந்தியில் சொன்னேன். வீட்டுக்காரம்மாள் பதிலே பேசவில்லை. துணியை எடுத்து உதறினார், நீளத்தில் இரண்டாக மடித்தார், திண்ணையில் சளியோடு உட்கார்ந்திருந்த பேரனின் தோளில் போர்த்தினார். அதோடு முடிந்தது.

டிசம்பர் 16, செவ்வாய் – புஜ்

கிளம்பும் நாள். கடைத்தெருவில் அடதியா வாங்கினேன். உளுந்து மாவும் நெய்யும் சுக்கும் சேர்த்துக் குளிர்காலத்துக்கென்றே பிடிக்கும் இனிப்பு, கால் கிலோ நூற்று அறுபது. பஸ் டீசல் தீர்ந்து பச்சாவ் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் பொட்டலத்தைப் பிரித்து தேப்லா ரொட்டியும் ஊறுகாயும் நீட்டினார், நான் அடதியாவை நீட்டினேன்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அஜ்ரக்பூருக்கு வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகை நாள். ரொக்கம் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், கிராமத்தில் சிக்னல் வந்து வந்து போகிறது. கை பட்ட நூல் எது, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

அக்கா ஈரோட்டில் இறங்கியதும் போன் செய்தார். பொங்கல் கழிந்ததும் பவானிக்குப் போய் ஜமுக்காளத் தறி பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. தார் சுற்றத் தெரிந்த இன்னும் இரண்டு தோழிகளைக் கூட்டி வருகிறாராம்.